கூட்டத்தில் ஒரு ஆள்

சின்ன வயதில் சந்தைக்குப் போனவர்களுக்கு மோடி மஸ்தானைத் தெரிந்திருக்கும். கூடைக்குள் பாம்பு. பக்கத்தில் முளைக்குச்சியில் கட்டிய கீரி. இதோ சண்டை, இதோ சண்டை என்று ஒரு மணி நேரம் பேசுவார். சண்டை கடைசி வரை நடக்காது. அதற்குள் பையிலிருந்து தைல பாட்டில்கள் வெளியே வந்துவிடும். மூட்டு வலி, பல் வலி, வாயுப் பிடிப்பு, ராத்திரி பயம் எல்லாவற்றுக்கும் ஒரே தைலம். கூட்டம் தயங்கும். முதலில் கை நீட்ட யாருக்கும் தைரியம் வராது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வருவார். தோளில் துண்டு. பார்த்தால் பக்கத்து ஊர் விவசாயி மாதிரி இருப்பார். “போன மாசம் வாங்கிட்டுப் போனேங்க. எங்க அம்மா இப்ப தண்ணிக் குடம் தூக்குது. எனக்கு ரெண்டு பாட்டில் குடுங்க.” அவ்வளவுதான். அடுத்த அஞ்சு நிமிஷத்தில் பை காலி.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அந்த விவசாயியைப் பார்த்தேன். மோடி மஸ்தானோடு உட்கார்ந்து டீயில் பன் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோளில் அதே துண்டு. கீரி அவர் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சந்தையில் மோடி மஸ்தான் இப்போது அபூர்வம். ஆனால் அந்தத் துண்டுக்காரர் எங்கேயும் போய்விடவில்லை. உங்கள் பாக்கெட்டில் இருக்கிறார். தினமும் காலையில் உங்களுக்கு ரோஜாப்பூ படத்தோடு குட்மார்னிங் சொல்கிறார்.

* * *

இன்றைக்கு ஆளுக்கு எத்தனை வாட்ஸப் குரூப்! அபார்ட்மென்ட் குரூப், பள்ளித் தோழர்கள் குரூப், மாடித்தோட்டம் போடுகிறவர்கள் குரூப், பிள்ளையை நீட் கோச்சிங்குக்கு அனுப்பும் பெற்றோர் குரூப், சர்க்கரை வியாதிக்காரர்கள் குரூப். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளின் அம்மாக்களுக்கு ஒன்று. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு ஒன்று. ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். நம் கிராமங்கள் பலவற்றில் அவ்வளவு வாக்காளர்கள்கூடக் கிடையாது.

இதையெல்லாம் நான் கிண்டல் செய்ய மாட்டேன். ஒரே கஷ்டம் உள்ளவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பேசுவது பெரிய ஆறுதல். டாக்டரிடம் கேட்க வெட்கப்படுவதை அங்கே கேட்கலாம். ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு’ என்று ஒருவர் சொல்லும்போது பாதி பாரம் இறங்கிவிடும். அந்த ஒரு வாக்கியத்துக்குக் காசு கொடுத்தாலும் ஈடாகாது.

ஆனால் அந்த வாக்கியத்தையே இப்போது காசுக்கு விற்கிறார்கள். என் கோபம் அதைப் பற்றித்தான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். அரசாங்க வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். கணக்கில் புலி. காய்கறிக்காரரிடம் நாலணாவுக்கு வாதாடுகிற ரகம். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கான குரூப் ஒன்றில் அவரை யாரோ சேர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு பெண்மணி. எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். வெந்தயம் எப்படி ஊறவைப்பது, எந்தச் செருப்பு போட்டால் பாதத்துக்கு நல்லது என்றெல்லாம் எழுதுவார். இவருடைய மனைவிக்குத் திவசம் வந்தபோது மறக்காமல் ஆறுதல் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள், “எங்க அப்பாவுக்கு ஒரு பொடி குடுத்தேன் அண்ணா. மாத்திரையே நிறுத்திட்டார்” என்று எழுதினார்.

அப்புறம் நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். பொடி வந்தது. மாத்திரை நின்றது. காலில் இருந்த சின்னப் புண் பெரிதானது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். அந்தப் பெண்மணி அந்தப் பொடியின் விநியோகஸ்தர் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது.

பார்க்கப் போனேன். “ஏமாந்தது காசுக்காக வருத்தம் இல்ல சார்” என்றார். “விளம்பரம்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். டிவியில எத்தனை பொடி வருது, ஒண்ணையாவது வாங்கியிருக்கேனா? இந்தப் பொண்ணு என்னை அண்ணான்னுச்சு.”

இருபது வருஷமாக எந்த விளம்பரத்துக்கும் அசையாத மனிதர் அவர். அவருக்குத் தெரிந்து உள்ளே வந்திருந்தால், அந்தப் பொடி அவர் வாசல்படியைக்கூடத் தாண்டியிருக்காது.

* * *

‘அப்ப விளம்பரமே கூடாதுங்கறீங்களா?’ என்று கேட்காதீர்கள். நான் விளம்பரத்துக்கு எதிரி இல்லை. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சமே தெரியாத அளவுக்கு ‘உபயம்’ எழுதியிருக்கிறதே, எனக்கு அதில் ஆட்சேபணை கிடையாது. கொடுத்தவர் யார், அவருக்குக் கடை எங்கே என்று பச்சையாக எழுதியிருக்கிறது. கும்பாபிஷேக மலரைப் புரட்டினால் பாதிப் பக்கம் நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை. ‘கீரை... முளைக்கீரை, அரைக்கீரை’ என்று காலையில் தெருவில் கூவுகிற அம்மாள் செய்வதும் விளம்பரம்தான். இவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நான் விற்கிறவன், நீ வாங்குகிறவன், வேணும்னா வா. இது நேர்மையான பேச்சு. விற்கிறவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்று நமக்கும் தெரியும். கழித்துக்கொண்டுதான் கேட்போம்.

துண்டுக்காரர் செய்வது வேறு. உங்களை அந்தக் கழித்தலைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகவே அவருக்குச் சம்பளம்.

இப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து விலகிய இளைஞர் ஒருவரிடம் பேசினேன். தொழில் ரகசியத்தை ஒளிக்காமல் சொன்னார். “டிவியில விளம்பரம் குடுத்தா லட்சக்கணக்கான பேர் பார்ப்பாங்க சார். அதுல நம்ம பொருள் தேவைப்படறவங்க எத்தனை பேர்? இங்க இருநூறு பேர்தான். ஆனா இருநூறு பேருக்கும் அதே பிரச்னை. அலைய வேண்டாம்.”

இது வரைக்கும் நியாயம்தான். செருப்புக்கடைக்காரர் செருப்பு தேவைப்படுகிறவர்களைத் தேடிப் போவதில் என்ன தப்பு? அடுத்ததைக் கேளுங்கள்.

“முதல் மூணு வாரம் எதையும் விக்கக் கூடாது. குட்மார்னிங் போடணும், பிறந்தநாள் வாழ்த்து சொல்லணும். அப்புறம் ஒரு நம்பர்லேர்ந்து கேள்வி கேப்போம். இன்னொரு நம்பர்லேர்ந்து பதில் சொல்லுவோம். மூணாவது நம்பர்ல ‘நானும் அதான் யூஸ் பண்றேன், சூப்பர்’னு போடுவோம்.”

“உங்ககிட்ட எத்தனை நம்பர்?”

“ஏழு சார்.”

“யாராவது செத்துப்போனா?”

“இரங்கலுக்கு ரெடிமேடா எழுதி வெச்சிருப்போம். பேரை மட்டும் மாத்தணும்.”

ஒருவரின் சாவுக்குச் சொல்கிற ஆறுதல்கூட வியாபாரத்துக்கான முதலீடு என்றால், இதற்குப் பெயர் மார்க்கெட்டிங்கா? எனக்குத் தெரிந்த தமிழில் இதற்கு வேறு பெயர்.

இதன் உச்சத்தையும் பார்த்துவிட்டோம். ஷேர் மார்க்கெட் டிப்ஸ் தருவதாக ஒரு குரூப்பில் உங்களைச் சேர்ப்பார்கள். தினமும் பத்து பேர் ‘இன்னிக்கு லாபம்’ என்று ஸ்க்ரீன்ஷாட் போடுவார்கள். ‘குருஜிக்கு நன்றி’ என்பார்கள். நீங்களும் பணம் போடுவீர்கள். பணம் போன பிறகுதான் தெரியும், அந்த நூறு பேர் கூட்டத்தில் உங்களைப் போன்ற நிஜ ஆள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் என்று. மற்ற எல்லோரும் துண்டுக்காரர்கள்.

* * *

இது ஏதோ நம்ம ஊர்ச் சில்லறைப் பேர்வழிகளின் வேலை என்று நினைக்க வேண்டாம். 2002-ல் சோனி எரிக்சன் கம்பெனி அமெரிக்க நகரங்களில் நடிகர்களைக் கூலிக்கு அமர்த்தியது. சுற்றுலாப் பயணிகள் மாதிரி நின்று, தெருவில் போகிறவர்களிடம் ‘எங்களை ஒரு போட்டோ எடுங்களேன்’ என்று கேமரா வைத்த போனைக் கையில் கொடுக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொடுத்தவர் ‘அட, போன்ல கேமராவா!’ என்று அதிசயிப்பார். உதவி கேட்ட வெளியூர்க்காரருக்கு உதவினோம் என்று நினைத்தவர், தன்னை அறியாமலே ஒரு விளம்பரப் படத்தில் நடித்துவிட்டுப் போனார்.

2013-ல் தைவானில் சாம்சங் மாட்டிக்கொண்டது. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி இணையத்தில் எழுத ஆட்களைக் காசுக்கு அமர்த்தியிருந்தது. சாம்சங் போனைப் புகழ வேண்டும், உள்ளூர் போட்டிக் கம்பெனியான ஹெச்டிசி-யை மட்டம் தட்ட வேண்டும். அந்நாட்டின் நியாய வர்த்தக ஆணையம் விசாரித்து, ஒரு கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது டீ செலவு. ஆனாலும் நடந்தது தப்பு என்று ஒரு அரசாங்க அமைப்பு பதிவு செய்தது, இல்லையா?

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. சர்க்கரை வியாதியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை போகலாம் என்கிறது. 2022-ல் வந்த விதிகள், ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவருக்கு அந்தக் கம்பெனியோடு தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. 2023 நவம்பரில் மத்திய அரசு இணைய வியாபாரத்தில் தடைசெய்த 13 தில்லுமுல்லுகளில், வேறு ஏதோ மாதிரி வேஷம் போட்டு வரும் விளம்பரமும் ஒன்று.

எல்லாம் சரி. ஆனால் நாலு சுவருக்குள் நடக்கும் பேச்சை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? பார்க்கவும் கூடாது. நம் குடும்பப் பேச்சையும் நோய் விவரத்தையும் அரசாங்கம் உட்கார்ந்து படிப்பது துண்டுக்காரரைவிடப் பெரிய ஆபத்து. அதனால் இந்த விஷயத்தில் காவல் நாம்தான்.

* * *

‘ஏன் சார், நாங்க சின்ன வியாபாரி. டிவியில பத்து செகண்ட் வாங்க எங்களால முடியுமா? இருக்கிறது இந்தக் குரூப்புதான். அதையும் மூடச் சொல்றீங்களா?’

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

மூடச் சொல்லவில்லை. கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு பெண்மணி இட்லி மாவு அரைத்து விற்கிறார். “சி பிளாக்லேர்ந்து பேசறேன். நாளைக்கு மாவு இருக்கும். வேணுங்கறவங்க ராத்திரிக்குள்ள சொல்லுங்க.” மூன்றே வரி. வேறு நம்பரிலிருந்து ‘ஆஹா, பூ மாதிரி இட்லி’ என்று அவர் எழுதுவதில்லை. மாவு புளித்திருந்தால் அதே இடத்தில் நாங்கள் திட்டுவோம். அவரும் அதே இடத்தில் மன்னிப்புக் கேட்பார். அவர் வியாபாரம் படுத்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாவு கிடைப்பதே குதிரைக்கொம்பு.

என் மனைவி இருக்கும் மாடித்தோட்டக் குரூப்பில் விதைக்கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் உண்டு. சேர்ந்த அன்றைக்கே, ‘நான் விதையும் உரமும் விக்கிறவ. தெரிஞ்சதைச் சொல்றேன். வேணும்னா வாங்குங்க’ என்று எழுதிவிட்டார். தக்காளிச் செடி வாடுகிறது, என்ன உரம் போடலாம் என்று ஒருவர் படம் போட்டுக் கேட்டார். “உரமெல்லாம் வேணாங்க. தண்ணி அதிகமா ஊத்தறீங்க. ரெண்டு நாள் சும்மா விடுங்க” என்று பதில் வந்தது. கைக்கு வந்த வியாபாரம். வேண்டாமென்று விட்டார். அன்றிலிருந்து அந்தக் குரூப்பில் பாதிப் பேர் அவரிடம்தான் விதை வாங்குகிறார்கள்.

நல்ல வியாபாரிக்கும் துண்டுக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ‘உங்களுக்கு இது தேவையில்லை’ என்று அவர் வாயிலிருந்து ஒருமுறையாவது வந்திருக்கிறதா? துண்டுக்காரர் வாயில் அந்த வார்த்தை வராது. அவருக்குக் கொடுத்த வசனத்தில் அது இல்லை.

நேர்மையான வியாபாரிகளுக்குத்தான் இதில் முதல் நஷ்டம். பொடிக்காரம்மா போன குரூப்பில், அடுத்து வரும் மாவுக்காரம்மாவையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நிஜமாகவே ஒரு மருந்தில் குணமானவர் அதைச் சொன்னால், ‘இவருக்கு எவ்வளவு கமிஷனோ’ என்பார்கள். எல்லோரும் சேர்ந்து வெட்டிய கிணற்றில் ஒருத்தர் உப்பைக் கொட்டினால், கொட்டினவர் மட்டுமா தவிப்பார்?

* * *

ஊருக்கு உபதேசம் சொல்லும்போது சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். பத்திரிகைகள் யோக்கியமா? 2009 மக்களவைத் தேர்தலில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு செய்தி மாதிரியே விளம்பரத்தைப் போட்ட பத்திரிகைகள் பற்றி பிரஸ் கவுன்சிலே விசாரிக்க வேண்டி வந்தது. அமெரிக்காவில் 1912-லேயே, காசு வாங்கிப் போடும் விஷயத்துக்கு மேல் ‘விளம்பரம்’ என்று அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இங்கே இன்னமும் பல பத்திரிகைகளில் அந்த வார்த்தை எறும்பு சைஸில் மூலையில் கிடக்கிறது. பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உண்மை சொன்னால் போதுமா?

அடுத்து, உங்களிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘இந்த லிங்க்கை நாலு பேருக்கு அனுப்பினால் உங்களுக்கு நூறு ரூபாய்’ என்று வந்ததை நீங்கள் அனுப்பியதே இல்லையா? ‘நான் யூஸ் பண்றேன், ரொம்ப நல்லா இருக்கு’ என்று, இன்னும் பிரிக்காத பார்சலைப் பற்றி எழுதியதே இல்லையா? துண்டுக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது செலவு என்று கம்பெனிகள் கண்டுபிடித்துவிட்டன. நூறு ரூபாய்க்கு உங்கள் தோளிலேயே துண்டைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் அத்தையும் சித்தப்பாவும் உங்களை நம்பித்தான் அதை வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையின் விலை நூறு ரூபாயா?

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விற்கிறவர் ‘நான் விற்கிறவன்’ என்று முதல் நாளே சொல்லட்டும். அட்மின்கள் வியாபாரத்துக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கட்டும். மற்ற நாளில் வேண்டாம். பொருள் சரியில்லை என்று யாராவது எழுதினால் அதை அழிக்கக் கூடாது. மருந்து என்றால், எவ்வளவு அன்பானவர் சொன்னாலும், நம் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடக் கூடாது, போட்டுக்கொண்டிருப்பதை நிறுத்தவும் கூடாது. பொய் விளம்பரத்தில் ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குச் சொல்லுங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் 1930.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. யாராவது எதையாவது ஓஹோ என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள்: “ரொம்ப சந்தோஷங்க. இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?” நல்லவர் கோபப்பட மாட்டார். ஒன்றுமில்லை என்பார், அல்லது இவ்வளவு கிடைக்கும் என்பார். துண்டுக்காரர் மட்டும்தான் ‘என்னையா சந்தேகப்படறீங்க’ என்று கண் கலங்குவார்.

எங்கள் தெருப் பெரியவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு காரியம் செய்தார். நடந்ததை எல்லாம் ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் தட்டி, அதே குரூப்பில் போட்டார். பதினோரு நிமிஷத்தில் அவரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் எழுதியதும் அழிக்கப்பட்டது.

அந்தப் பதினோரு நிமிஷத்துக்குள் முகம் தெரியாத இரண்டு பேர் அவருக்குத் தனியாக எழுதியிருந்தார்கள். இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான். “சார், நானும் அந்தப் பொடிதான் சாப்பிடறேன். மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு. என்ன செய்யட்டும்?”